சூப்பர்கார் விலை ஏன் சரிகிறது, எங்கே நிற்கிறது

2011ஆம் ஆண்டில் பிரிட்டனில் சுமார் 1,70,000 பவுண்டு வைத்திருந்த ஒருவருக்கு முன்னால் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று ஃபெராரி 458 இத்தாலியா. மற்றொன்று அந்த ஆண்டுதான் விற்பனைக்கு வந்த மெக்லாரன் எம்பி4-12சி. மெக்லாரனின் பட்டியல் விலை 1,68,500 பவுண்டு. இரண்டிலும் இருக்கைக்குப் பின்னால் வி8 என்ஜின், ஏழு கியர் கொண்ட டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். 458இல் 570 குதிரைத்திறன், மெக்லாரனில் 600. மெக்லாரனின் உடற்கூடு கார்பன் ஃபைபர், ஃபெராரியுடையது அலுமினியம். பொறியியல் கணக்கில் பார்த்தால், கொடுத்த காசுக்கு அதிகம் தந்தது மெக்லாரன்தான். ஆனால் இன்று ஒரு 12சியை அதன் பட்டியல் விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கிவிடலாம். நன்றாகப் பராமரித்த 458 தன் விலையில் பெரும்பகுதியை இன்னும் பிடித்து வைத்திருக்கிறது.

சூப்பர்கார் வாங்க நினைக்கும் யாரும் முதலில் யோசிக்க வேண்டியது இந்த இடைவெளியைப் பற்றித்தான். சாதாரணக் காரில் விலை இறங்குவதற்குக் காரணம் வயதும் ஓடிய தூரமும். சூப்பர்காரில் அவை இரண்டாம்பட்சம். அந்தக் காரைச் செய்த நிறுவனம் அதற்குப் பிறகு என்ன செய்தது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. அடுத்த மாடலை எப்போது கொண்டுவந்தது, எத்தனை கார்களைச் சந்தையில் இறக்கியது, பழைய காரில் இருந்த எதைப் புதிய காரில் எடுத்துவிட்டது: இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மறுவிற்பனை விலையை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம்.

12சிக்கு நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கார் வந்த அடுத்த ஆண்டே, 2012இல், அதன் சக்தியை 625 குதிரைத்திறனாக மெக்லாரன் உயர்த்தியது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அந்த மேம்படுத்தலைக் கட்டணமின்றிக் கொடுத்தது. வாடிக்கையாளருக்கு நல்ல செய்திதான். ஆனால் முதலில் வந்த கார் முழுமையாகத் தயாராகாமல் வந்துவிட்டது என்ற எண்ணமும் கூடவே பரவியது. 2014 தொடக்கத்தில் 650எஸ் அறிமுகமானது. அதே கார்பன் உடற்கூடு, அதே 3.8 லிட்டர் இரட்டை டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) என்ஜின், புதிய முகம், கூடுதல் சக்தி. சில வாரங்களில் 12சி உற்பத்தி நின்றது. மூன்று வயதுகூட ஆகாத கார் ஒரே இரவில் பழைய மாடலாகிவிட்டது. 2015இல் அதே குடும்பத்து என்ஜினோடு 570எஸ் இன்னும் குறைந்த விலையில் வந்தது. 2017இல் 720எஸ் வந்து 650எஸ்ஸையும் பின்னுக்குத் தள்ளியது. ஒவ்வொரு புதிய காரும் முந்தையதைவிட வேகமானது. ஒவ்வொன்றும் முந்தையதன் விலையைக் கீழே இழுத்தது.

458இன் கதை வேறு. 2009இல் அறிமுகமாகி 2015 வரை உற்பத்தியில் இருந்தது. பிறகு 488 ஜிடிபி வந்தது; 670 குதிரைத்திறன், எல்லா அளவிலும் வேகமான கார். ஆனால் அதில் இரட்டை டர்போ என்ஜின். நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று வரை டர்போ இல்லாமல் கத்திக்கொண்டு ஏறும் ஃபெராரி வி8 அதோடு முடிந்தது. அந்த ஒலிக்கும் ஆக்சிலரேட்டரின் உடனடிப் பதிலுக்கும் ஏங்குபவர்களுக்கு 458ஐ விட்டால் புதிய கார் எதுவுமில்லை. வேகம் யாரிடமும் கிடைக்கும், அடுத்த ஆண்டு இன்னும் மலிவாகக் கிடைக்கும். திரும்பச் செய்யப்படாத ஒன்று மட்டும் சந்தையில் விலை குறையாமல் நிற்கிறது.

முதல் சரிவு எங்கிருந்து வருகிறது

ஷோரூம் வாசலைத் தாண்டியதும் விலை இறங்குகிறது என்று சொல்வதுண்டு. அதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பிரிட்டனில் புதிய காரின் விலையில் 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கிறது. பழைய காரில் டீலர் தன் லாபத்துக்கு மட்டும் வாட் கட்டுகிறார். இரண்டாவது, டீலருடைய வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. நேற்று வாங்கிய காரை இன்று திரும்பக் கொண்டுபோனால், அதைத் தன் முற்றத்தில் நிறுத்தி, உத்தரவாதம் சேர்த்து, மாதக்கணக்கில் காத்திருந்து விற்பதற்கான செலவைக் கழித்துத்தான் அவர் விலை சொல்வார்.

மூன்றாவதுதான் பெரிது: ஆப்ஷன்கள். சூப்பர்கார் பட்டியல் விலை ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. கார்பன் ஃபைபர் அலங்காரம், சிறப்பு வண்ணம், தைக்கப்பட்ட தோல், பந்தய இருக்கைகள், உயர்தர ஒலிபெருக்கி என்று சேர்த்துக்கொண்டே போனால் கார் விலையில் ஐந்தில் ஒரு பங்குவரை கூடிவிடுவது சாதாரணம். அந்தப் பணம் மிக வேகமாக மறைகிறது. கார்பன் பின்சிறகுக்குக் கொடுத்த எட்டாயிரம் பவுண்டை இரண்டாவது ஓனர் திருப்பித் தரமாட்டார்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில ஆப்ஷன்களுக்குப் பணம் திரும்பாது, ஆனால் அவை இல்லாவிட்டால் காரே விற்காது. முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் அதில் முதலிடம். வேகத்தடையிலும் வாகன நிறுத்தச் சரிவிலும் முகம் உரசாமல் காப்பது அதுதான். தொழிற்சாலையில் போடாமல் விட்டால் பிறகு பொருத்துவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. பின்பக்கக் கேமராவும், சூடேறும் அல்லது மின்சாரத்தில் நகரும் இருக்கைகளும் குளிர்நாட்டுச் சந்தையில் அப்படித்தான். வண்ணத்தில் சொந்த ரசனையை முழுக்கக் காட்டும் கார், அதே ரசனையுள்ள இன்னொருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஃபெராரியில் சிவப்பும் மஞ்சளும், மெக்லாரனில் ஆரஞ்சும் எந்த ஆண்டிலும் கைமாறும்.

எண்ணிக்கை, அரிது என்ற பேச்சு

2018இல் மெக்லாரன் 4,806 கார்களை விற்றது. அதே ஆண்டு வெளியிட்ட டிராக்25 என்ற திட்டத்தில், 2025க்குள் 18 புதிய கார்கள் அல்லது அவற்றின் வகைகள் என்று அறிவித்தது. மெக்லாரனின் 600எல்டி வாங்கியவர், அடுத்த பதினெட்டு மாதத்துக்குள் தன் காரைப் பழையதாக்கும் ஏதோ ஒன்று வரப்போகிறது என்பதை அறிந்தே வாங்கினார். பழைய கார் வாங்க வந்தவரும் அதை அறிந்தே பேரம் பேசினார்.

குறைந்த எண்ணிக்கை என்ற முத்திரையும் அதற்கு மருந்தாகவில்லை. மெக்லாரன் செனா 500 மட்டுமே செய்யப்பட்டது. பிரிட்டன் விலை 7,50,000 பவுண்டு. எல்லாம் விற்றுத் தீர்ந்த கார்தான். இருந்தும் சில ஆண்டுகளிலேயே பட்டியல் விலைக்குக் கீழே கைமாறின. முன்கண்ணாடி இல்லாத எல்வாவை முதலில் 399 என்று அறிவித்து, பிறகு 249 ஆக்கி, கடைசியில் 149இல் நிறுத்தினார்கள். எண்ணிக்கை குறைந்தால் அரிதாகும் என்பது உண்மை. ஆனால் நிறுவனமே எண்ணிக்கையைக் குறைக்கிறது என்றால் கேட்டு வந்தவர்கள் அத்தனை பேர் இல்லை என்று சந்தை புரிந்துகொள்ளும்.

லம்போர்கினி ஹுராகானைப் பாருங்கள். 2014 முதல் பத்தாண்டுகள் ஓடிய மாடல். 2022 ஏப்ரலிலேயே இருபதாயிரமாவது கார் வெளியே வந்துவிட்டது. எந்த விதத்திலும் அரிய கார் இல்லை. ஆனால் அதில் இருப்பது டர்போ இல்லாத 5.2 லிட்டர் வி10. அதன் இடத்துக்கு வந்த டெமராரியோவில் இரட்டை டர்போ வி8, கூடவே மின்மோட்டார்கள். எனவே ஹுராகான், குறிப்பாக அதன் கடைசிக் காலத்து வகைகளான டெக்னிகாவும் எஸ்டிஓவும், விலையை நன்றாகவே பிடித்து நிற்கின்றன. எத்தனை செய்தார்கள் என்பதோடு, அதற்கு மாற்று இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மாற்று வந்தால் என்ன ஆகும் என்பதற்கு போர்ஷே 911 ஆர் போல் தெளிவான பாடம் வேறில்லை. 2013இல் வந்த 911 ஜிடி3யில் தானியங்கி இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் மட்டுமே இருந்தது. கையால் கியர் மாற்ற விரும்பியவர்கள் கொதித்தார்கள். 2016இல் போர்ஷே 911 ஆர் கொண்டுவந்தது: நான்கு லிட்டர், 500 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், மொத்தம் 991 கார்கள். பிரிட்டன் விலை 1,37,000 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. சில வாரங்களிலேயே அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் விலை கேட்டு விளம்பரங்கள் வந்தன. அந்த விலையில் வாங்கியவர்களும் இருந்தார்கள். 2017 மார்ச்சில், ஜெனீவா கண்காட்சியில், புதிய ஜிடி3யை போர்ஷே காட்டியது. அதே 500 குதிரைத்திறன், மேனுவல் கியர்பாக்ஸும் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் பெரிய பின்சிறகை எடுத்துவிட்ட டூரிங் என்ற ஜிடி3 வகை வந்தது. 911 ஆர் என்ற காரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. ஆனால் அதன் உச்ச விலை சரசரவென்று இறங்கியது. பட்டியல் விலைக்கு வாங்கியவர் இன்றும் லாபத்தில்தான் இருக்கிறார். உச்சத்தில் வாங்கியவர் மட்டும் அடி வாங்கினார். ஒரு மாடலுக்கு மதிப்பு தருவது ஒரே ஒரு அம்சம் என்றால், அதைத் தயாரிப்பாளர் மீண்டும் தர முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்தக் கூடுதல் விலை நிலையானதல்ல.

எதிர்ப்பக்க உதாரணம் போர்ஷே கரேரா ஜிடி. 2003 முதல் 2006 வரை 1,270 மட்டும் செய்யப்பட்டது; முதலில் 1,500 என்று திட்டம். புதிதாக 4,40,000 டாலர். முதல் சில ஆண்டுகளில் விலை கீழேதான் போனது. கட்டுப்படுத்தக் கடினமான கார், கிளட்ச் முரட்டுத்தனமானது என்ற பெயர் வேறு. ஆனால் பந்தயத்துக்காகத் தொடங்கப்பட்ட வி10, மேனுவல் கியர்பாக்ஸ், மின்னணு நிலைப்படுத்தும் அமைப்பு இல்லாத ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த கார் மறுபடி வராது என்பது தெளிவானதும் விலை திரும்பியது. பத்து லட்சம் டாலரை எப்போதோ தாண்டிவிட்டது. திரும்பும்வரை காத்திருக்க ஏறத்தாழ பத்தாண்டு பொறுமை தேவைப்பட்டது. அந்தப் பத்தாண்டுக் காப்பீடும் சர்வீஸும் யாருடைய லாபக் கணக்கிலும் காட்டப்படுவதில்லை.

மேனுவலுக்குத் தனிச் சந்தை இருப்பதால் இன்னொரு எச்சரிக்கை. ஃபெராரி எஃப்430, லம்போர்கினி கயார்டோ போன்ற கார்களில் பெரும்பாலானவை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்பால் மாற்றும் கியரோடுதான் விற்றன. திறந்த உலோகத் தகட்டுக்குள் நகரும் கியர் கம்பி உள்ளவை குறைவு, விலை மிக அதிகம். அதனால் துடுப்பு கியர் காரை மேனுவலாக மாற்றித்தரும் பட்டறைகள் வந்துவிட்டன. வேலை சுத்தமாக இருக்கலாம். ஆனால் தொழிற்சாலையிலேயே மேனுவலாக வந்த கார் வேறு, மாற்றியது வேறு. சேஸிஸ் எண்ணை வைத்து அது எப்படிக் கட்டப்பட்டது என்ற பதிவைத் தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தில் பெறாமல் மேனுவல் விலை கொடுக்கக் கூடாது.

பேட்டரி என்ற புதிய கவலை

ஃபெராரி எஸ்எஃப்90 ஸ்ட்ராடாலே 2019இல் அறிமுகமானது. ஆயிரம் குதிரைத்திறன், மூன்று மின்மோட்டார்கள், 7.9 கிலோவாட்-மணி பேட்டரி. எண்ணிக்கை வரம்பு இல்லாத தொடர் உற்பத்திக் கார். அமெரிக்காவில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல். ஃபெராரி என்றால் விலை விழாது என்ற நம்பிக்கையை முதலில் அசைத்த நவீன கார் இதுதான். காரணங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன: வரம்பற்ற உற்பத்தி, ஏராளமான ஆப்ஷன்களோடு வந்த கார்கள், சிறிது காலத்தில் 830 குதிரைத்திறனோடு மலிவாக வந்த 296 ஜிடிபி, எல்லாவற்றுக்கும் மேல் பத்து ஆண்டுக்குப் பிறகு இந்தப் பேட்டரியை யார் மாற்றித் தருவார், எவ்வளவு ஆகும் என்ற கேள்வி.

ஃபெராரிக்கும் இது தெரிந்தது. 2024இல் ஹைபிரிட் கார்களுக்கு, அதாவது என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த கார்களுக்கு, தனி நீட்டிப்பு உத்தரவாதத்தை அறிவித்தது. அதில் தொடர்ந்து இருப்பவர்களுக்கு எட்டாம் ஆண்டிலும் பதினாறாம் ஆண்டிலும் உயர் மின்னழுத்தப் பேட்டரி மாற்றித் தரப்படும். ஹைபிரிட் சூப்பர்கார் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து வருகிறது: இந்தக் கார் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, இல்லாவிட்டால் சேர முடியுமா, சேர ஆண்டுக்கு எவ்வளவு? பேட்டரிக்கு எழுத்தில் உறுதி உள்ள காரும் இல்லாத காரும் ஒரே விலையில் இருக்கக் கூடாது.

2025இல் இன்னொன்றும் நடந்தது. பிரிட்டனில் தன் கார்களின் மறுவிற்பனை விலை சரிவதைத் தடுக்க அந்த நாட்டுக்கு அனுப்பும் எண்ணிக்கையைக் குறைத்திருப்பதாக ஃபெராரியின் தலைமை நிர்வாகி பெனெடெட்டோ வின்யா வெளிப்படையாகச் சொன்னார். வெளிநாட்டு வருமானத்துக்கு இருந்த வரிச் சலுகை அந்த ஆண்டு ஏப்ரலில் நீக்கப்பட்டதும் பணக்காரர்கள் சிலர் நாட்டைவிட்டுப் போனதை அவர் காரணமாகக் குறிப்பிட்டார். ஒரு நாட்டின் வரிச் சட்டம் மாறினால்கூட நிறுத்தி வைத்திருக்கும் காரின் விலை மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. விற்பனையைவிட மறுவிற்பனை விலையைக் காப்பது முக்கியம் என்று நினைக்கும் நிறுவனத்தின் காரும், ஆண்டு இலக்கை எட்ட வேண்டும் என்று நினைக்கும் நிறுவனத்தின் காரும் ஐந்து ஆண்டில் ஒரே இடத்தில் நிற்காது.

வரிசையில் இடம் பிடிப்பதன் விலை

பட்டியல் விலைக்கு வாங்கி மறுநாளே லாபத்துக்கு விற்கக்கூடிய கார்கள் உண்டு. ஆனால் அவை கடைக்கு வந்து கேட்பவருக்குக் கிடைப்பதில்லை. ஏற்கெனவே பல கார்கள் வாங்கியவர்களுக்குத்தான் அழைப்பு போகிறது. ஃபெராரியின் 458 ஸ்பெசியாலே, 488 பிஸ்டா போன்ற சிறப்பு வகைகளுக்கு இடம் பிடிக்க, விலை விழும் சாதாரண மாடல்களை அதற்கு முன் வரிசையாக வாங்க வேண்டியிருந்தது. அந்த மூன்று நான்கு கார்களில் இழந்த தொகையையும் சேர்த்தால்தான் ‘லாபம்’ எவ்வளவு என்பது தெரியும்; பலருக்கு அது நட்டம்தான்.

விற்பதற்கும் கட்டுப்பாடு இருக்கலாம். ஃபோர்டு ஜிடி வாங்கியவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு விற்கமாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா சில வாரங்களிலேயே விற்றதால் 2017இல் ஃபோர்டு அவர்மேல் வழக்குப் போட்டது. 2018இல் சமரசத்தில் முடிந்தது. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பிரிவு இருந்தால் அது இரண்டாம் ஓனருக்கும் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும்.

கடனில் வாங்கும்போது

பிரிட்டனில் இந்தக் கார்களில் கணிசமானவை கடனில்தான் ஓடுகின்றன. மாதத் தவணை சிறிதாக இருக்க, கடைசியில் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கட்டும் முறை அது. அந்தக் கடைசித் தொகைக்கு பலூன் என்று பெயர். ஒரு தோராயக் கணக்கு: கார் 2,00,000 பவுண்டு, முன்பணம் 40,000, பலூன் 1,10,000, காலம் 36 மாதம். நடுவில் அடைக்கும் அசல் 50,000. வட்டி 4 சதவீதமானால் மூன்று ஆண்டுக்கு சுமார் 16,000. மாதம் 1,840 அளவில் வரும். 9 சதவீதமானால் வட்டி மட்டும் 36,000ஐத் தாண்டும், மாதம் 2,400. இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2021 டிசம்பர்வரை 0.1 சதவீதமாக இருந்தது. 2023 ஆகஸ்டில் 5.25. பெருந்தொற்றுக் காலத்தில் பழைய சூப்பர்கார்கள் பட்டியல் விலைக்கு மேலே போனதற்கும், பிறகு திரும்பி இறங்கியதற்கும் இந்த வட்டி ஒரு முக்கியக் காரணம்.

மேற்சொன்ன காரின் சந்தை விலை மூன்றாம் ஆண்டு முடிவில் 1,00,000 ஆகிவிட்டால், விற்றாலும் பலூனைக் கட்ட 10,000 குறையும். அதற்குக் கையிலிருந்து போட வேண்டும், அல்லது மறுகடன் எடுக்க வேண்டும். அந்த நிலையில் ஒரே மாடல் ஓனர்கள் பலர் ஒரே மாதத்தில் விற்க வருகிறார்கள். விலை இன்னும் இறங்குகிறது. ஒரு மாடல் அறிமுகமாகி மூன்றாம், நான்காம் ஆண்டில் விளம்பரங்கள் திடீரென்று பெருகுவது பெரும்பாலும் இதனால்தான். வாங்குகிறவர் காத்திருக்க வேண்டியது அந்தக் காலத்துக்கே.

விலை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

மலிவாக வாங்குவதும் மலிவாக வைத்திருப்பதும் வேறு வேறு. எளிய உதாரணம்: 70,000 பவுண்டு கார் ஒன்று ஆண்டுக்கு 4,000 இறங்குகிறது, உத்தரவாதமும் சர்வீஸும் பழுதும் டயரும் 10,000, முடங்கிய பணத்துக்கு 5 சதவீதம் 3,500, ஆக 17,500. 1,30,000 பவுண்டு கார் 3,000 இறங்குகிறது, பராமரிப்பு 6,000, முடங்கிய பணத்துக்கு 6,500, ஆக 15,500. எண்கள் காருக்குக் கார் மாறும். ஆனால் இந்த மூன்று வரிகளையும் எழுதிக் கூட்டாமல் எதையும் மலிவு என்று சொல்ல முடியாது.

சர்வீஸ் பதிவு முதலில். ஃபெராரியில் முதல் ஏழு ஆண்டுக்குக் கால அட்டவணைப்படியான சர்வீஸ் காரின் விலையிலேயே அடக்கம். ஓனர் மாறினாலும் தொடரும். இலவசமாகக் கிடைத்ததையே விட்டிருக்கிறார் என்றால், அந்த இடைவெளிக்குக் காரணம் கேட்க வேண்டும். ஏழாம் ஆண்டுக்குப் பிறகு செலவு ஓனர் தலையில் விழுவதால் விலையிலும் ஒரு படி இறக்கம் தெரியும்.

பழுதுகள் மாடலுக்கு மாடல் வேறு. 12சி, 650எஸ், 720எஸ் மூன்றிலும், திருப்பத்தில் கார் சாயாமல் தடுக்கும் சாதாரணக் கம்பிக்குப் பதில் நீரழுத்தத்தால் இணைந்த சஸ்பென்ஷன். அதில் நைட்ரஜன் அடைத்த அக்யூமுலேட்டர்கள் (அழுத்தம் தேக்கும் குடுவைகள்) காலப்போக்கில் அழுத்தம் இழக்கும். சிறு மேட்டிலும் கார் கட்டையாகக் குதித்தால் அதுதான் அறிகுறி. 570எஸ்ஸில் அந்த அமைப்பு இல்லை, அதனால் அந்தச் செலவும் இல்லை. 458இல் கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் சென்சார் கெட்டால், ஆரம்பத்தில் முழு கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள். இன்று பிரித்துச் சரிசெய்யும் பட்டறைகள் உண்டு. எஃப்430 துடுப்பு கியர் காரில் கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்பதைக் கணினியில் படிக்கலாம். போர்ஷே ஜிடி கார்களில் என்ஜின் வரம்பு மீறிச் சுழன்ற பதிவு ஆறு நிலைகளாக இருக்கும். மேல் மூன்று நிலைகளில் பதிவு இருந்தால் என்ஜின் ஓடிய எந்த மணிநேரத்தில் நடந்தது என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

கார்பன் செராமிக் பிரேக் தட்டு தடிமனில் தேயாது, எடையில் தேயும். குறைந்தபட்ச எடை தட்டின் நடுப்பகுதியிலேயே பொறித்திருக்கும். பந்தயத் தடத்தில் அடிக்கடி ஓடிய காரில் இதைக் கழற்றி நிறுத்துப் பார்ப்பது நல்லது. நான்கையும் மாற்றினால் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் போகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆயிரம் மைல்கூட ஓடாத டயர் பளபளவென்று இருக்கலாம். ஆறேழு ஆண்டு ஆகிவிட்டால் ரப்பர் இறுகிப்போய் ஈரச் சாலையில் பிடிக்காது. இத்தனை சக்தியுள்ள காரில் அது விலைப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை.

வண்ணப் பூச்சின் தடிமனை அளக்கும் கருவி உலோகத்தில் மட்டும் வேலை செய்யும். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 80 முதல் 150 மைக்ரான். அதைப்போல் இரண்டு மடங்கு காட்டினால் மறுபூச்சு. மெக்லாரன் போன்ற கார்களில் பல பலகைகள் கூட்டுப்பொருள் என்பதால் அங்கே அல்ட்ராசோனிக் கருவி தேவை. பிரிட்டனில் விபத்துப் பதிவில் ‘எஸ்’ (உடற்கூட்டில் சேதம்) அல்லது ‘என்’ (உடற்கூட்டில் சேதமில்லை) என்று குறிக்கப்பட்ட காரை எவ்வளவு நன்றாகச் சரிசெய்திருந்தாலும் பெரிய டீலர் தொடமாட்டார். வாங்கும்போது கிடைத்த தள்ளுபடி விற்கும்போது அப்படியே திரும்பிப் போகும்.

குறைந்த மைல் எப்போதும் நல்லது என்ற எண்ணத்தையும் சற்றுத் தளர்த்த வேண்டும். சேகரிப்பாளர் தேடும் ஸ்பெசியாலே, கரேரா ஜிடி போன்ற கார்களில் ஒவ்வொரு ஆயிரம் மைலுக்கும் விலை உண்டு. தொடர் உற்பத்தி 570எஸ்ஸிலோ ஹுராகானிலோ, ஆண்டுக்கு 2,000 மைல் சீராக ஓடி ஒழுங்காக சர்வீஸ் ஆன கார், எட்டு ஆண்டில் 1,500 மைல் மட்டும் ஓடிய காரைவிடத் தொல்லை குறைவு. நின்றே இருக்கும் காரில் சீல்கள் காய்கின்றன, எண்ணெய் கசிகிறது. மெக்லாரனில் லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். சார்ஜரில் மாட்டி வைத்திருந்தாரா என்று கேட்பது அற்பமான கேள்வி அல்ல.

இந்தியாவில் கணக்கு வேறு

பிரிட்டனில் மலிவாகக் கிடைக்கும் 12சியைச் சென்னைக்குக் கொண்டுவர முடியாது. பழைய கார் இறக்குமதிக்கு மூன்று வயது வரம்பு உண்டு. அதனால் உலகச் சந்தையின் அடிமட்ட விலை இங்கே எட்டுவதில்லை. புதிதாக வரும் முழு இறக்குமதிக் காருக்குச் சுங்கமும் தீர்வையும் சேர்ந்து 110 சதவீதம், அதன்மேல் 2025 செப்டம்பர் முதல் 40 சதவீத ஜிஎஸ்டி, தமிழ்நாட்டில் பதிவு செய்தால் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீத வாழ்நாள் வரி. காரின் விலையில் பாதிக்கு மேல் வரிதான்.

இதனால் ஒரு விசித்திரமான ஆபத்து உண்டு. பழைய காரின் விலையைத் தாங்கி நிற்பது புதிய காரின் மேல் உள்ள வரி. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், ஆண்டுக்கு இத்தனை கார் என்ற வரம்புக்குள் சுங்கத்தைப் படிப்படியாக 10 சதவீதம்வரை குறைக்க வழி செய்கிறது. மெக்லாரன், ஆஸ்டன் மார்ட்டின் இரண்டும் பிரிட்டனில் செய்யப்படுபவை. புதிய கார் மலிவானால், முழு வரி கட்டி வாங்கிய கார் ஒரு மைல்கூட ஓடாமலேயே விலை இழக்கும். இங்கே வாங்க நினைப்பவர், எந்த நாட்டில் செய்த கார், அந்த நாட்டோடு ஒப்பந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். மாநிலம் மாறி விற்றால் தடையில்லாச் சான்றும் புதிய மாநிலத்தில் மீண்டும் வரியும் உண்டு. பழைய மாநிலத்திலிருந்து திரும்பும் தொகை மீதமுள்ள காலத்துக்கு மட்டுமே. அந்தச் செலவைக் கழித்துத்தான் வெளிமாநிலத்தவர் விலை கேட்பார்.

விற்கும் நேரம்

அடுத்த மாடல் அறிவிப்பு வந்தபின் விற்க நினைத்தால் தாமதம். உளவுப் படங்கள் வரத் தொடங்கும்போதே டீலர்கள் வாங்கும் விலையைக் குறைக்கிறார்கள். திறந்த கூரைக் கார்களுக்கு வடக்கு ஐரோப்பாவில் மார்ச் முதல் ஜூன்வரை நல்ல காலம். நவம்பரில் அதே கார் அதே விலைக்குப் போகாது. டீலரிடம் ரொக்கத்துக்கு விற்பதைவிட, விற்றுத் தரும் பொறுப்பில் அவரிடம் நிறுத்திவைப்பதில் கூடுதல் தொகை கிடைக்கும். ஆனால் அந்தக் காலத்தில் கார் யார் பெயரில் காப்பீடு செய்யப்பட்டிருக்கிறது, விற்ற பணம் தனிக் கணக்கில் வைக்கப்படுமா, டீலர் நொடித்துப்போனால் கார் யாருடையது என்று மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். இரண்டு சாவி, கையேடுகள், பேட்டரி சார்ஜர், கார் உறை, கருவிப் பை, வாங்கிய நாளின் ஆப்ஷன் பட்டியல் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும். தயாரிப்பாளர் உத்தரவாதத்தில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்கும்போது விற்பது நல்லது; அதற்குள் இருக்கும் சிறு பழுதுகளை விற்கும் முன்பே உத்தரவாதத்தில் சரிசெய்துகொள்ளலாம், வாங்குபவரும் புதுப்பிப்பதற்கான பரிசோதனையைத் தன் பெயரில் செய்துகொள்ள அவகாசம் கிடைக்கும்.